வலி மாத்திரை எழுதியவரிடமே கேளுங்கள்

சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனைப் புரட்டுகிறவர்கள் கை கழுவிவிட்டு வந்து படியுங்கள். இந்தப் பதிவு முழுக்க மலச்சிக்கலைப் பற்றியது. அதிலும் ஒரு தனி ரகம்: மார்ஃபின், டிரமடால், டாபென்டடால், கோடீன், ஃபென்டனில் பட்டை போன்ற கடும் வலி மருந்துகளால் வருவது. இந்த மருந்துகளை மொத்தமாக ஓபியாய்டு என்பார்கள். புற்றுநோய் வந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் எலும்பு டாக்டர்கள் எழுதும் டிரமடால்–பாரசிட்டமால் கலவை மாத்திரையும் இந்தக் குடும்பம்தான். அதைச் சாப்பிடும் பலருக்கு அது தெரியாது.

புற்றுநோய் வந்த வீட்டில் எல்லாவற்றையும் பேசுவோம். கீமோ எத்தனை பாக்கி, பி.எஸ்.ஏ. எவ்வளவு, காப்பீட்டு அட்டை செல்லுமா, எந்த ஆஸ்பத்திரியில் கதிர் வைத்தால் நல்லது என்று எதையும் விடுவதில்லை. நோயாளி வெளிக்குப் போனாரா என்று மட்டும் யாரும் கேட்க மாட்டோம். நோயாளியும் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டில் நோயாளி என் மாமனார், பார்த்துக்கொள்கிற நான் மருமகள். எப்படிச் சொல்வார்?

மாமாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். எலும்புக்குப் பரவிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நேரத்துக்குச் செய்து பழகியவர். இடுப்பு எலும்பு வலி தாங்காமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்த மனிதர், மார்ஃபின் மாத்திரை ஆரம்பித்த பிறகு படுத்துத் தூங்கினார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கு. அலாரம் வைத்து அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். வீடே கொஞ்சம் மூச்சு விட்டது.

அப்புறம் சாப்பாடு குறைந்தது. காலையில் இரண்டு இட்லி ஒன்றானது. முகத்தில் ஒரு எரிச்சல். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல." திடீரென்று பழைய வலி திரும்ப வந்தது. நோய் முற்றிவிட்டது என்று என் கணவர் கலங்கிவிட்டார். தலையணை உறை மாற்றும்போதுதான் விஷயம் தெரிந்தது. மார்ஃபின் மாத்திரைகள் ஒரு காகிதத்தில் மடித்து உள்ளே கிடந்தன. அலாரம் அடிக்கும்போதெல்லாம் மாத்திரையை வாயில் போடாமல் ஒளித்து வைத்திருக்கிறார்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணுதீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வலியைக் கூடப் பொறுத்துக்கிடலாம் தாயி. இதைப் பொறுக்க முடியல. வயிறு கல்லா இருக்கு. அவன்ட்ட சொல்லாத" என்றார்.

இந்த மாதிரி முடிவெடுப்பவர் அவர் ஒருவர் இல்லை என்பது பிறகு தெரிந்தது. மலச்சிக்கலுக்குப் பயந்து வலி மருந்தைத் தாங்களாகவே குறைக்கிறவர்களும் நிறுத்துகிறவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியோன் கோல்ட்பெர்க் என்று ஒரு மருந்தியல் பேராசிரியர் இருந்தார். 1970களின் கடைசியில் அவருடைய நண்பர் ஒருவருக்கு எங்கள் மாமாவுக்கு வந்த அதே நோய். எலும்புக்குப் பரவி உயிர் போகிற வலி. ஆனால் மார்ஃபின் வேண்டாம் என்று பிடிவாதம், காரணம் மலச்சிக்கல். அந்த நண்பருக்காகத்தான் கோல்ட்பெர்க், மார்ஃபினின் வலி குறைக்கும் வேலையைத் தொடாமல் குடலில் செய்யும் வேலையை மட்டும் தடுக்கிற ஒரு மருந்தைத் தேட ஆரம்பித்தார். மெத்தில்நால்ட்ரெக்சோன் என்ற அந்த ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2008இல். கோல்ட்பெர்க் 1989இலேயே இறந்துவிட்டார்.

சரி, மார்ஃபினுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்? மார்ஃபின் போய் ஒட்டுகிற ஏற்பிகள் மூளையிலும் தண்டுவடத்திலும் மட்டும் இல்லை. குடல் சுவர் நெடுக இருக்கின்றன. அங்கே போய் ஒட்டியதும் குடல் உணவைத் தள்ளும் அசைவு மந்தமாகிறது. உள்ளே கிடக்கிற நேரம் கூடக் கூடத் தண்ணீர் அதிகமாக உறிஞ்சப்பட்டு மலம் இறுகுகிறது. ஆசனவாய்த் தசையும் இறுக்கிப் பிடிக்கிறது. வருகிறது என்கிற உணர்வே மழுங்கிவிடுகிறது. நான்கும் ஒரே நேரத்தில் நடக்கும்போது வாழைப்பழம் என்ன செய்யும், பாவம்.

வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடையில் கொடுக்கிறார்களே லோபரமைடு, அதுவும் ஓபியாய்டுதான். மூளைக்குள் போகாமல் குடலோடு நின்றுவிடுகிற ஓபியாய்டு. குடலைக் கட்டுவதுதான் அதன் முழுநேர வேலை. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் சீதபேதிக்கு அபின் கொடுத்ததும் இதே கணக்கில்தான். ஆக, அபின் சரக்கு வயிற்றைக் கட்டும் என்பது பல நூறு ஆண்டுகளாக மனிதர்களுக்குத் தெரிந்த சங்கதி. மார்ஃபின் எழுதும்போது மட்டும் அது எப்படி மறந்துபோகிறது என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இன்னொன்று. மார்ஃபின் ஆரம்பித்த புதிதில் குமட்டும், தூக்கம் சொக்கும். சில நாட்களில் உடம்பு அவற்றுக்குப் பழகிக்கொள்ளும். மலச்சிக்கலுக்கு உடம்பு பழகவே பழகாது. மருந்து இருக்கும்வரை அதுவும் இருக்கும். "போகப் போகச் சரியாயிரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கினாலும்.

எங்களையும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். மார்ஃபின் எழுதிய பெரிய ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரியும். மாமாவின் முறை வந்ததும் டாக்டர் கோப்பைப் பார்த்தபடியே "மோஷன் போறீங்களா?" என்றார். அறைக்குள் நான், என் கணவர், ஒரு நர்ஸ், அடுத்த நோயாளி, அவர் மனைவி. மாமா "போறேன் சார்" என்றார். நான்தான் குறுக்கே புகுந்து, இல்லை சார், போகவில்லை, அதனால்தான் மாத்திரையே போடாமல் ஒளித்துவைத்திருக்கிறார் என்றேன். "வயசானவங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும். பழம், கீரை குடுங்க. நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

குடும்ப டாக்டரிடம் போனோம். நல்ல மனிதர். சீட்டைப் பார்த்ததும் தயங்கினார். "இது பெரிய ஆஸ்பத்திரி மருந்து. நான் கை வைக்கிறது சரியா இருக்காது" என்று ஒரு பாட்டில் சிரப் எழுதினார். எவ்வளவு நாள், போகவில்லை என்றால் அடுத்து என்ன என்று எதுவும் இல்லை. வயிற்று ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் முழுக் குடலையும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று தேதி கொடுத்தார். அதற்கு முதல் நாள் வயிற்றைக் கழுவ நாலு லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். இரண்டு வாய் கஞ்சிக்கே மல்லுக்கட்டுகிற மனிதர்.

மருத்துவர்களை மொத்தமாகத் திட்டுவது என் நோக்கம் இல்லை. புற்றுநோய் டாக்டருக்குக் கட்டி, வயிற்று டாக்டருக்குக் குடல், குடும்ப டாக்டருக்குக் காய்ச்சலும் பிரஷரும் என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறோம். மருந்தால் வந்த மலச்சிக்கல் யார் பங்கிலும் வரவில்லை. இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதையும் இருக்கிறது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. உரிமங்களும் பதிவேடுகளும் கெடுபிடியாகி, மார்ஃபின் வைத்திருப்பதே வம்பு என்று ஆஸ்பத்திரிகள் ஒதுங்கிக்கொண்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே படித்து முடித்து வெளியே வந்தார்கள். 2014இல்தான் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் எளிதாக வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். அந்த மருந்தையே எழுதிப் பழகாதவருக்கு அதன் பக்கவிளைவை வைத்தியம் பார்த்த அனுபவம் எங்கிருந்து வரும்?

இதற்கு நடுவே ஊர் வைத்தியம். எதிர்வீட்டு அத்தை இசப்கோல் உமி வாங்கி வந்தார். நார்ச்சத்து நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் உமி வேலை செய்ய நிறையத் தண்ணீரும் நன்றாக அசைகிற குடலும் வேண்டும். ஓபியாய்டால் மந்தமாகிப்போன குடலில், தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்களுக்கு, அது ஊறி உப்பி அங்கேயே அடைத்து நிற்கலாம். மூலம், பௌத்திரம், விரைவீக்கம் என்று சுவரெல்லாம் எழுதிவைத்திருக்கிற கிளினிக்குக்குக் கூட்டிப்போகலாம் என்று ஒரு உறவுக்காரர் யோசனை சொன்னார். மாமாவே வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் பயங்கரம். ஒருநாள் வேட்டியில் தண்ணீர் மாதிரி கசிந்திருந்தது. அப்பாடா, போய்விட்டது என்று என் கணவருக்கு நிம்மதி. மறுநாளும் அதே, கொஞ்சம் கொஞ்சமாக. வயிற்றுப்போக்கு என்று முடிவுகட்டி கொழுந்தனார் மருந்துக் கடைக்குப் போய் லோபரமைடு வாங்கி வந்துவிட்டார். மாமா அன்றைக்கு எந்த மாத்திரையையும் விழுங்க மறுத்ததால் தப்பித்தோம். உள்ளே இறுகிய மலம் அடைத்துக்கொண்டு நிற்கும்போது, அதற்கு மேலே இருக்கிற நீர் மலம் மட்டும் இடுக்கு வழியாகக் கசியும். பார்க்க பேதி போல இருக்கும். அதற்குப் பேதி மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். பல நாள் போகாமல் இருந்த ஒருவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் கடைக்கு ஓடாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள்.

வழி காட்டியது அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா. "பேலியேட்டிவ் ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்றார். அது சாகப்போகிறவர்களுக்கானது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். "அது வலிக்கும் வாந்திக்கும் மூச்சிரைப்புக்கும் மலச்சிக்கலுக்கும் பாக்குற இடம். கீமோ நடக்கும்போதே போலாம்" என்றார். வலி மற்றும் நோய்த்தணிப்பு சிகிச்சை என்று பலகையில் எழுதியிருக்கும். நடைமுறையில் எல்லோரும் பேலியேட்டிவ் என்றே சொல்கிறார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாமாவிடம் தனியாகப் பேசினார். அது ஒன்றுக்கே கையெடுத்துக் கும்பிடலாம். கடைசியாக எப்போது போனீர்கள், எவ்வளவு, ஆட்டுப் புழுக்கை போலவா அல்லது கெட்டியாகவா, முக்க வேண்டியிருக்கிறதா, போன பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி தோன்றுகிறதா, காற்று பிரிகிறதா, வாந்தி உண்டா என்று கேட்டிருக்கிறார். மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் படம் போட்ட ஒரு அட்டையைக் காட்டி "இதுல எது மாதிரி?" என்றாராம். பிரிஸ்டல் அட்டை என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் 1997இல் வெளியிட்டது. வாயால் சொல்லக் கூச்சப்படுகிற ஆளுக்கு விரலால் காட்டுவது எவ்வளவோ சுலபம்.

அப்புறம் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். திரை மறைவில், உறை போட்ட விரலால் ஆசனவாயைச் சோதித்தார். அதுவரை நாங்கள் பார்த்த ஒருவரும் செய்யாத சோதனை இது. அடைப்பு எங்கே இருக்கிறது, கெட்டியா இளக்கமா என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியது. மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பச் சொன்னார். குமட்டலுக்குக் கொடுத்த ஆன்டன்செட்ரானும் மலத்தைக் கட்டும், எலும்புக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையும் கட்டும் என்றார். இரும்புச்சத்து மாத்திரை, நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் எல்லாம் அதே பட்டியலாம். எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் ரத்தத்தில் கால்சியம் ஏறினாலும் மலம் இறுகும் என்பதால் அதற்கும் ரத்தம் எடுத்தார். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்றும் கேட்டார். தண்டுவடம் நசுங்கினால் மலச்சிக்கலோடு கால் மரப்பும் சிறுநீர்த் தடையும் சேர்ந்து வரலாம்; அது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத அவசரம்.

முதலில் கீழே அடைத்திருந்ததை ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரையாலும் சின்ன எனிமாவாலும் எடுத்தார்கள். வீட்டில் யாரும் இதைத் தன்னிச்சையாகச் செய்து பார்க்க வேண்டாம். கீமோ நடக்கிறவர்களுக்கு வெள்ளை அணுக்களோ தட்டணுக்களோ குறைந்திருந்தால், அந்த வழியாக எதை வைத்தாலும் கிருமித் தொற்றும் ரத்தப்போக்கும் வரலாம். சிறுநீரகம் பலவீனமான முதியவர்களுக்கு பாஸ்பேட் எனிமா ஆபத்து.

அதன் பிறகு தினசரி மருந்து. டாக்டரம்மா விளக்கியது இப்படி: மலத்தை இளக்குவது ஒரு வேலை, குடலைத் தூண்டித் தள்ள வைப்பது இன்னொரு வேலை. இளக்குவதற்கு லாக்டுலோஸ் சிரப் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி. தூண்டுவதற்குச் சென்னா அல்லது பிசகோடில் மாத்திரை. மார்ஃபின் போடுகிறவருக்குத் தூண்டும் மருந்து அநேகமாகத் தேவைப்படும். இளக்கும் மருந்தும் சேர்த்தே கொடுப்பதும் உண்டு. போகாத நாளில் மட்டும் குடித்துவிட்டு, போனதும் நிறுத்துவதல்ல. மார்ஃபின் எத்தனை நாளோ அத்தனை நாளும் தினம். அளவை டாக்டர் கூட்டிக் குறைப்பார். மார்ஃபினின் அளவு கூடும்போது இதையும் கூட்ட வேண்டியிருக்கலாம். முக்கியமாக, மார்ஃபினை அவர் குறைக்கவில்லை.

இந்தச் சென்னா எது தெரியுமா? எங்கள் பக்கம் அவுரி என்கிறோமே, விளாத்திகுளம், ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில் விளைகிறதே, அதன் இலைதான். நாட்டு மருந்துக் கடையில் நிலவாகை என்று கேட்டால் தருவார்கள். காய வைத்துத் தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கப்பலேற்றுகிறோம். வெளிநாட்டுக் கம்பெனிகள் மாத்திரையாக்கி உலகத்துக்கே விற்கின்றன. அவுரி மூட்டை ஏறுகிற லாரியைத் தினம் பார்க்கிற ஊர்க்காரர்களான நாங்கள், அந்த இலையின் மாத்திரையை எழுதித் தர ஒரு டாக்டரைத் தேடி அலைந்தோம். அதற்காக இலையை வாங்கி வீட்டில் கஷாயம் வைத்துவிடாதீர்கள். மாத்திரையில் சத்தின் அளவு தெரியும், கஷாயத்தில் தெரியாது. உடம்பு நொந்திருக்கிறவருக்கு வயிற்றைப் பிசையும் வலியும் நீரிழப்பும் வந்துவிடும்.

அங்கிருந்த சிஸ்டர் சொன்ன சின்ன விஷயங்களும் மருந்துக்குச் சமமாக உதவின. காலையில் காப்பி அல்லது சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசையும்; அந்த நேரத்தில் உட்கார வைக்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி, முழங்கால் இடுப்பை விட உயரமாக இருக்க வேண்டும். படுக்கையில் பெட்பேன் வைத்தால் யாருக்கும் எளிதில் வராது. முடிந்தவரை நாற்காலி கமோடு. கதவைச் சாத்திவிட்டு நாம் தள்ளிப் போய்விட வேண்டும். வாசலில் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கக் கூடாது. என் கணவருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"சாப்பாடே இறங்கல, அப்புறம் என்ன வெளிக்குப் போக?" என்று மாமா வாதாடினார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, மலம் என்பது தின்ற சோற்றின் மிச்சம் மட்டும் இல்லை, குடலில் இருக்கிற பாக்டீரியாக்களும் உதிர்ந்த செல்களும் நீரும் சேர்ந்தது, பட்டினி கிடந்தாலும் சேரும் ஐயா என்றார். மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் அந்தப் பாடத்தை எடுத்தார். கூச்சப்பட்ட மனிதர் காலண்டரில் போன நாட்களுக்கு டிக் அடிக்க ஆரம்பித்தார், தபால் முத்திரை குத்துகிற ஒழுங்கோடு. மார்ஃபினையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். நோய் அதன் வழியில் போனது. அதை யாரும் தடுக்க முடியவில்லை. ஆனால் கடைசி மாதங்களில் அவர் உட்கார்ந்து பேப்பர் படித்தார், பேரனோடு கேரம் ஆடினார், வலியில்லாமல் தூங்கினார்.

இனி, யாரைப் பார்ப்பது என்ற கேள்விக்கு என் பதில். முதல் ஆள், வலி மருந்தை எழுதியவர். இது அவருடைய வேலை. மார்ஃபின் எழுதுகிற பேனா அதே சீட்டில் மலமிளக்கியையும் எழுத வேண்டும் என்பது நோய்த்தணிப்பு மருத்துவத்தில் பால பாடம். அவரிடம் பொதுவாக "மலச்சிக்கல் இருக்கு" என்று சொல்லாதீர்கள். பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிடுவார். "மார்ஃபின் ஆரம்பிச்ச பிறகுதான் இப்படி. நாலு நாளா போகலை. இதனால மாத்திரையே போட மாட்டேங்கிறார். தினமும் குடிக்கிற மாதிரி மலமிளக்கி எழுதுங்க" என்று மருந்தின் பெயர், நாள் கணக்கு, விளைவு மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். போய்க்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். நோயாளி வெட்கப்படுவார் என்றால் தனியாகப் பேச இரண்டு நிமிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

அவர் காது கொடுக்கவில்லை என்றால் அடுத்து பேலியேட்டிவ் பிரிவுதான், வயிற்று ஸ்பெஷலிஸ்ட் இல்லை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீடு தேடி வரும் நோய்த்தணிப்பு சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 எண்ணிலோ கேட்கலாம். கேரளா இதில் நமக்கு முன்னோடி. கோழிக்கோட்டில் 1993இலேயே இதற்கென்று சங்கம் தொடங்கிவிட்டார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவை ஆரம்பித்தார். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சென்னையைவிட அது கூப்பிடு தூரம். நோய்த்தணிப்பு மருத்துவத்தில் எம்.டி. படிப்பே நம் நாட்டில் 2012இல் மும்பை டாடா மருத்துவமனையில்தான் தொடங்கியது. அதனால் அந்தப் பட்டம் உள்ளவரைத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மயக்கவியல் படித்து வலி சிகிச்சைக்கு வந்த டாக்டர்கள் நிறையப் பேர் இதை நன்றாகப் பார்க்கிறார்கள்.

மூட்டு வலிக்கோ முதுகு வலிக்கோ டிரமடால் எடுக்கிறவர்களுக்கு பேலியேட்டிவ் பிரிவு தேவையில்லை. எலும்பு டாக்டரிடமோ குடும்ப டாக்டரிடமோ கேட்கலாம். அவர்களுக்குக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: இந்த மாத்திரை இன்னும் வேண்டுமா? புற்றுநோய் வலிக்கு மார்ஃபினை விட முடியாது. இரண்டு வருடத்துப் பழைய முதுகு வலிக்கு அதே பதில் பொருந்தாது. ஆனால் நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வயிற்று டாக்டரின் முறை எப்போது வரும்? இரண்டு வகை மலமிளக்கியையும் சரியான அளவில் தினமும் கொடுத்தும் பலன் இல்லை என்றால் வரும். மலத்தில் ரத்தம் போனாலும், மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே குடல் பழக்கம் மாறியிருந்தாலும் வரும். கோல்ட்பெர்க் தொடங்கி வைத்த ரகத்தில் இப்போது நாலோக்செகால், நால்டெமிடின் என்று மாத்திரைகளும் வந்திருக்கின்றன. அமெரிக்க வயிற்று மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலே சாதாரண மலமிளக்கிகளை முதலில் கொடு, அவை தோற்றால் இவற்றுக்குப் போ என்றுதான் சொல்கிறது. விலை கூடிய மருந்தைத் தேடி முதலிலேயே ஓட வேண்டியதில்லை.

வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் வந்தால் அது வெறும் மலச்சிக்கல் இல்லை. குடல் அடைத்திருக்கலாம். அந்த நிலையில் மலமிளக்கி எதையும் கொடுக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் மார்ஃபின், டிரமடால், டாபென்டடால், ஃபென்டனில் பட்டை எதுவாவது இருந்தால் இப்போதே மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு மலமிளக்கி எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் நாளைக் காலையில் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால், நோயாளியிடம் தனியாகப் போய், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.